கணிப்பொறிப் பகுதி: ‘பெற்றுக்கொண்டோம்’ என்னும் சொல்



சென்ற திங்கள் இப்பகுதியைப் படித்த அன்பர் ஒருவர் எமக்கு ஓர் அஞ்சலட்டை விடுத்துள்ளார். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பிற்குத் தம் மக்கள் இருவரையும் நம் சங்க இணையதளத்தின் வழியே பதிவு செய்தாராம். பொத்தானை அழுத்திய அப்பொழுதே, ‘பெற்றுக்கொண்டோம், உங்கள் எண் இது’ என்று திரையில் எழுத்துத் தோன்றிற்றாம். ஆனால், வகுப்பு நாளும் நேரமும் குறித்த மின்னஞ்சல் வந்து சேர அரைமணி ஆயிற்றாம். “அந்த அரைமணி நேரம் என் விண்ணப்பம் எங்கே இருந்தது? யார் கையில் இருந்தது? வராமலே போயிருந்தால் யாரைக் கேட்பது?” என்று மூன்று வினாக்களைத் தொடுத்துள்ளார்.

நல்ல வினாக்கள். முதல் இரண்டிற்கும் விடை கூறுதல் எளிது. மூன்றாவதற்கு விடை கூறுமுன், எம் பிழை ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டியவராய் இருக்கின்றோம். அதனை இக்கட்டுரையின் இடையே கூறுவோம்.

யாம் பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டோம்; இரயில்வேயில் பார்சல் அலுவலக எழுத்தராய் இருக்கின்றோம்; கணிப்பொறியைக் கல்லூரியில் கற்றோம் அல்லோம். சங்கத்தின் பதிவேடுகளைப் பேணும் பொறுப்பு எம்மிடம் இருந்தமையால், இணையதளத்தைக் கண்காணிக்கும் பொறுப்பும் எம்மைச் சேர்ந்தது. தளத்தை அமைத்தவர் நம் உறுப்பினர் ஒருவரின் மைந்தர், மென்பொருள் அலுவலர். அவரிடம் கேட்டறிந்ததும், பின்னர் நாமே பட்டறிந்ததுமே எம் கல்வி. ஆகவே, எமக்குத் தெரிந்த பார்சல் அலுவலகத்தினின்றே தொடங்குவோம்.

வணிகர் ஒருவர் ஆரஞ்சுக் கூடைகளுடன் எம் சாளரத்திற்கு வருகின்றார். அனுப்புவோர், பெறுவோர், சேரும் நிலையம் ஆகியவற்றை எழுதித் தருகின்றார். யாம் எடை பார்க்கின்றோம், கட்டணம் பெறுகின்றோம், கூடையின்மேல் குறியிடுகின்றோம், இரசீது தருகின்றோம். வணிகர் இல்லம் செல்கின்றார். கூடைகளோ கிடங்கில் இருக்கின்றன. வடக்கிலிருந்து கிராண்டு டிரங்கு விரைவுவண்டி வந்து நின்றதும், சுமையாளர் அவற்றைப் பிரேக்வேனில் ஏற்றுகின்றனர். அவை சென்னை சேரும்வரை அவ்வணிகர் எம் சாளரத்தின்முன் நிற்பதில்லை. நிற்க வேண்டுமாயின், அவருக்குப் பின்னே நிற்போர் வரிசை நிலையத்தைக் கடந்து நெடுஞ்சாலைக்குச் சென்றுவிடும்.

சாளரத்தில் செய்ய வேண்டியது சிறிது. சாளரத்திற்குப் பின்னால் செய்ய வேண்டியது பெரிது. இரண்டிற்கும் நடுவே ஒரு கிடங்கும் ஒரு பதிவேடும் உள்ளன. இணையதளத்தில் வேலைகளை வரிசையில் இடுதல் என்று கூறுவதும் இதுவே.

உலாவியில் நாம் பொத்தானை அழுத்தும்போது, ஒரு வேண்டுகோள் வழங்கியெனப்படும் சர்வருக்குச் செல்கின்றது. வழங்கி விடை அனுப்பும்வரை நம் திரையில் சிறு வளையம் சுழன்றுகொண்டிருக்கின்றது. மனிதர் எவ்வளவு நேரம் பொறுப்பர் என்பதற்கும் கணக்கு உண்டு. ஜேக்கப் நீல்சன் என்பார் 1993இல் வெளியிட்ட நூலில் மூன்று எல்லைகளைக் குறித்தார். நொடியில் பத்தில் ஒரு பங்கிற்குள் விடை வரின் உடனே நிகழ்ந்ததாகத் தோன்றும். ஒரு நொடிக்குள் வரின் எண்ணவோட்டம் அறாது. பத்து நொடியைக் கடந்தால் மனம் வேறொன்றை நாடும். மனம் வேறொன்றை நாடினால் பெரும் கேடில்லை. ஆனால் விரல் அதே பொத்தானை மீண்டும் நாடுமே, அதுவே கேடு.

2024ஆம் ஆண்டு மே 31 அன்று மாலை நம் தளத்தில் நிகழ்ந்தது அதுதான். கல்வி உதவிக்கான விண்ணப்பம் அன்றோடு முடிவு. நம் மக்கள் கடைசி நாள் மாலையையே நல்ல நாளாகக் கொள்வர் என்பதை யாம் சொல்ல வேண்டுவதில்லை. அந்நாளில் தளம் எல்லா வேலையையும் சாளரத்திலேயே செய்துகொண்டிருந்தது. விண்ணப்பத்தைப் பதிவு செய்தல், சான்றிதழ்ப் படத்தைச் சிறிதாக்குதல், அனைத்தையும் ஒரே பிடிஎப் தாளாகக் கட்டுதல், விண்ணப்பித்தவருக்கு மின்னஞ்சல், தேர்வுக் குழுவினர் மூவருக்கும் படி, கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி ஆகிய இத்தனையும் முடிந்த பின்னரே திரையில் விடை வரும். ஒருவருக்கு ஏறத்தாழப் பன்னிரண்டு நொடி ஆயிற்று. வழங்கியில் இருந்த சாளரங்களோ நான்கு. நால்வர் உள்ளே நிற்க, ஏனையோர் வெளியே நின்றனர். முப்பது நொடி கடந்தோரை வழங்கியே வெளித்தள்ளிற்று. தள்ளப்பட்டோர் மீண்டும் அழுத்தினர், வரிசை இரட்டித்தது. ஒரு குடும்பத்தின் பெயர் மூன்று முறை பதிவாயிற்று. வேறு சிலர் பெயர் ஒருமுறையும் பதிவாகவில்லை. மறுநாள் தொலைபேசியில் ஒவ்வொருவரையும் அழைத்து, கையால் பட்டியல் எழுதினோம்.

அதன்பின் அவ்விளைஞர் தளத்தைத் திருத்தி அமைத்தார். சாளரத்தில் இனி மூன்றே வேலை: விண்ணப்பம் முறையாக நிரப்பப்பட்டதா என்று பார்ப்பது, தரவுத்தளத்தில் எழுதுவது, ‘இவ்வெண்ணுள்ள விண்ணப்பத்திற்குச் செய்ய வேண்டியவை உள’ என்று ஒரு சிறு சீட்டை வரிசையில் இடுவது. அவ்வளவே. ‘பெற்றுக்கொண்டோம்’ என்று திரையில் எழுதிவிடலாம். அரை நொடியும் ஆகாது.

அச்சீட்டை எடுத்து வேலை செய்பவர் வேறு. அவரும் மென்பொருளே, பணியாள் என்று அழைப்பர். அவர் சாளரத்திற்கு வருவதில்லை. வரிசையின் தலையிலுள்ள சீட்டை எடுப்பார், அதிலுள்ள எண்ணைக் கொண்டு தரவுத்தளத்தில் விண்ணப்பத்தைக் காண்பார், படத்தைச் சிறிதாக்குவார், தாளைக் கட்டுவார், அஞ்சலை அனுப்புவார், முடிந்ததும் அடுத்த சீட்டை எடுப்பார். வேலை மிகுந்தால் பணியாளரை மிகுதியாக அமர்த்தலாம். சாளரத்தை மாற்ற வேண்டுவதில்லை.

இவ்வரிசையை எங்கே வைப்பது? பல இடங்கள் உண்டு. இத்தாலியராகிய சால்வதோரே சான்ஃபிலிப்போ 2009இல் வெளியிட்ட ரெடிஸ் என்னும் மென்பொருள் வரிசைகளை நினைவகத்திலேயே வைத்து மிக விரைவாக எடுத்துக் கொடுக்கும். அதன்மேல் அமர்ந்து பணியாளரை நடத்துவது, மைக் பெர்ஹாம் 2012இல் வெளியிட்ட சைட்கிக். பைத்தான் மொழியில் எழுதுவோருக்கு 2009இல் தோன்றிய செலரி உண்டு. அமேசான் நிறுவனம் 2006 முதல் வரிசையையே வாடகைக்குத் தருகின்றது. இவை ஏதும் வேண்டா, தரவுத்தளத்திலேயே ஓர் அட்டவணை போதும் என்பாரும் உளர். போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் 2016இல் வெளிவந்த 9.5ஆம் பதிப்பு முதல், ஒரு பணியாள் எடுத்த வரியை மற்றவர் தாண்டிச் செல்ல வழி செய்திருப்பதால் அதுவும் இயலும். நம் தளம் ரெடிஸும் சைட்கிக்கும் கொண்டு நடக்கின்றது. நினைவகத்தில் உள்ளது மின்சாரம் போனால் போய்விடும் ஆதலின், ரெடிஸில் வருவதை அவ்வப்போதே வட்டிலும் எழுதிவைக்குமாறு பணிக்க வேண்டும். கிடங்கில் கூடையை வைத்துவிட்டுப் பதிவேட்டில் எழுதாமல் விடுவோமா?

வரிசை எவ்வளவு நீளும் என்பதற்கும் கணக்கு உண்டு. டென்மார்க்கு நாட்டுத் தொலைபேசி நிறுவனத்தில் பணியாற்றிய ஆக்னர் எர்லாங் என்னும் கணித அறிஞர், அழைப்புகள் எவ்வாறு வந்து குவிகின்றன என்பதை 1909இல் ஆராய்ந்து எழுதினார். வரிசைக் கணிதம் அவரிடமிருந்து தோன்றியது. அமெரிக்க அறிஞர் ஜான் லிட்டில் 1961இல் ஓர் எளிய விதியை நிறுவினார். வருகின்ற வேகத்தையும் ஒருவர் உள்ளே இருக்கும் நேரத்தையும் பெருக்கினால், எந்நேரமும் உள்ளே இருப்போர் தொகை சராசரியாய்க் கிடைக்கும் என்பதே அது.

நம் கணக்கையே எடுத்துக்கொள்வோம். நிமிடத்திற்கு 20 விண்ணப்பம். ஒவ்வொன்றிற்கும் 12 நொடி வேலை. 20ஐ 12ஆல் பெருக்க 240 நொடி. அதாவது, ஒவ்வொரு நிமிடமும் நான்கு நிமிட வேலை வந்து சேருகின்றது. நான்கு பணியாளர் மூச்சுவிடாமல் உழைத்தால் சரியாகும். மூவரே இருப்பின் நிமிடத்திற்கு 15 முடியும், 5 மிஞ்சும். ஒரு மணி நேரத்தில் 300 சீட்டு தேங்கும். வருகை நின்றபின் அவற்றை முடிக்க இன்னும் 20 நிமிடம் ஆகும். ஆயினும் ஒரு சீட்டும் அழிவதில்லை, ஒருவரும் வெளித்தள்ளப்படுவதில்லை. அஞ்சல்தான் தாமதமாக வரும்.

அஞ்சலட்டை விடுத்த அன்பரே! தங்கள் விண்ணப்பம் அந்த அரைமணி நேரமும் இவ்வாறே தரவுத்தளத்தில் பத்திரமாய் இருந்தது. அதற்குரிய சீட்டு வரிசையில் தன் முறையை நோக்கியிருந்தது. தாங்கள் பதிவு செய்த அன்று பொங்கல் விழா அறிவிப்பு உறுப்பினர் அனைவருக்கும் சென்றுகொண்டிருந்தது. அவ்வஞ்சல்களுக்குப் பின்னால் தங்கள் சீட்டு நின்றுவிட்டது. விழா அறிவிப்புக்குத் தனி வரிசையும் விண்ணப்பங்களுக்குத் தனி வரிசையும் வைத்திருந்தால் இத்தாமதம் நேர்ந்திராது. தங்கள் கடிதம் கண்டபின் இப்பொழுது பிரித்துவிட்டோம்.

இனி, மூன்றாவது வினா. வராமலே போனால் யாரைக் கேட்பது?

2025ஆம் ஆண்டு மே 29 அன்று ஒரு மாணவி கல்வி உதவிக்கு விண்ணப்பித்தாள். தந்தை இல்லை. தாய் இந்நகரில் இரண்டு வீடுகளில் சமையல் செய்பவர். அவ்வீடுகளில் ஒன்றின் பிள்ளை தன் ஐபோனில் மதிப்பெண் சான்றிதழைப் படமெடுத்துக் கொடுத்திருக்கின்றான். 2017 முதல் அவ்வகைக் கைப்பேசிகள் ஹெய்க் என்னும் வடிவில் படத்தைச் சேமிப்பது உண்டு. நம் பணியாள் மென்பொருளுக்கு அவ்வடிவம் படிக்கத் தெரியாது. சாளரம் அதனை ஆராயவில்லை. ‘பெற்றுக்கொண்டோம்’ என்று எண் கொடுத்துவிட்டது.

பணியாள் சீட்டை எடுத்தார், படத்தைத் திறக்க இயலவில்லை, தோல்வி. தோல்வியுற்ற வேலையை மீண்டும் செய்து பார்ப்பது இவ்வகை மென்பொருள்களின் வழக்கம். அஞ்சல் வழங்கி சிறிது நேரம் உறங்கியிருக்கலாம், இணைப்பு அறுந்திருக்கலாம், பின்னர் முயன்றால் கைகூடும் என்பது அதன் கருத்து. சைட்கிக் 25 முறை மீண்டும் முயலும். முதல் மீள்முயற்சி அரை நிமிடத்திற்குள். பின்னர் இடைவெளி விரிந்துகொண்டே போகும். இறுதி முயற்சிக்கு முன் மூன்று நாளுக்கும் மேற்பட்ட காத்திருப்பு. மொத்தம் ஏறத்தாழ மூன்று வாரம். உறங்கிய வழங்கிக்கு இது நல்ல மருந்து. படிக்கத் தெரியாத எழுத்தை இருபத்தைந்து முறை பார்த்தாலும் படிக்க வருமோ?

தோல்விகளின் பட்டியலை நாள்தோறும் காலையில் பார்க்க வேண்டியவர் யாம். அவ்விளைஞர் அதற்கென ஒரு பக்கமே அமைத்துக் கொடுத்து, “நாளுக்கு ஒரு முறை பாருங்கள், அண்ணா, ஒரு நிமிட வேலைதான்” என்று சொல்லியிருந்தார். மே மாதம் முழுதும் பார்த்தோம். ஜூன் பிறந்தது. மாம்பழக் கூடைகள் எம் அலுவலகத்தில் கூரை தொட நின்றன. இரவுப் பணியும் சேர்ந்தது. தோல்விப் பக்கம் பல நாள் வெறுமையாகவே இருந்ததைக் கண்டு பழகிய கண், அதனைத் திறப்பதை விட்டது. ஜூன் 15 அன்று தேர்வுக் குழு கூடிற்று. பணியாள் கட்டி முடித்த தாள்களே குழுவின்முன் வைக்கப்பட்டன. அம்மாணவியின் விண்ணப்பம் அவற்றுள் இல்லை. அதே நேரத்தில், இருபதுக்கும் மேற்பட்ட முறை தோற்றுவிட்டு, அச்சீட்டு அடுத்த முயற்சிக்குக் காத்துக்கொண்டிருந்தது. சில நாளில் அதுவும் ஓய்ந்தது.

உரியவரிடமும் சேராது, அனுப்பியவரிடமும் திரும்பாது கிடக்கும் கடிதத்திற்கு ஆங்கிலேயர் ‘செத்த கடிதம்’ என்று பெயரிட்டனர். முயன்று ஓய்ந்த வேலைகள் சேரும் இடத்தையும் கணிப்பொறியாளர் அப்பெயராலேயே அழைப்பர். சைட்கிக் அவற்றை ஆறு திங்கள் வைத்திருந்து பின்னர் அழித்துவிடும்.

ஜூன் 22 அன்று அறிவிப்புப் பலகையில் பட்டியல் ஒட்டப்பட்டது. தாயும் மகளும் வந்து பார்த்தனர். தம் எண் இல்லாமை கண்டு, தகுதி போதவில்லை போலும் என்று எண்ணித் திரும்பினர். ஒருவரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. கல்லூரிக் கட்டணத்திற்குக் கடைசி நாள் நெருங்கியதால், அவ்வம்மையார் தம் தோட்டை அடகு வைத்துக் கட்டினார். இவை யாவும் எமக்குப் பின்னரே தெரிந்தன.

ஜூலை 6 அன்று தமிழ் வகுப்பில் சிறுவர்க்கு எழுத்துக் கற்பிக்க அம்மாணவி வந்திருந்தாள். வகுப்பு முடிந்ததும் எம்மிடம் வந்து, “மாமா, என் விண்ணப்பத்தில் என்ன குறை? சொன்னால் அடுத்த வருஷம் திருத்திக்கொள்வேன்” என்றாள். யாம் எண்ணை வாங்கித் தேடினோம். தரவுத்தளத்தில் இருந்தது. குழுவின் பட்டியலில் இல்லை. தோல்விப் பக்கத்தைத் திறந்தோம். இருபத்தைந்து முயற்சியும் முடிந்து அங்கே கிடந்தது.

குறை அவளுடையது அன்று, எம்முடையது என்று அவளிடமே சொன்னோம். அன்று மாலை அவர்கள் இல்லத்திற்குச் சென்று தாயாரிடமும் சொன்னோம். “பட்டியலைப் பார்த்த அன்றே ஏன் கேட்கவில்லை?” என்று வினவியதற்கு அவர் கூறியது: “நம்பர் கொடுத்தீங்க. வாங்கிக்கிட்டோம்னு எழுதியும் வந்துச்சு. அப்புறமும் வந்து கேட்டா, சங்கத்தை நம்பாத மாதிரி இருக்குமே தம்பி.”

இச்சொல்லைக் கேட்டு யாம் நெடுநேரம் வாளாவிருந்தோம். எம் அலுவலகத்தில் இரசீது என்பது வெறும் தாள் அன்று. எழுதிக் கொடுத்த நொடியினின்று அப்பொருளுக்குப் பொறுப்பு ஏற்றுக்கொண்டோம் என்பதே அதன் பொருள். இருபது ஆண்டு முன்பே வேலைக்கு வந்த முதியோர் எமக்குக் கற்பித்த முதற்பாடம் அது. கிடங்கில் ஏற்றப்படாமல் தங்கிய கூடைகளை ஒவ்வொரு பணிமாற்றத்தின்போதும் எண்ணிப் பார்த்தே பொறுப்பைக் கைமாற்றுகின்றோம். அதே கை, சங்கத்தின் கிடங்கில் தங்கிய ஒற்றைக் கூடையை எண்ணாமல் விட்டது.

குழு மறு வாரமே கூடி, அவ்விண்ணப்பத்தை ஏனையவற்றோடு ஒப்பிட்டு ஆராய்ந்து, உதவி வழங்கிற்று. இரக்கத்தால் வழங்கவில்லை, தகுதி இருந்தமையால் வழங்கிற்று. தோடு மீண்டது. அடகு வட்டியை யாம் செலுத்துவதாகச் சொன்னோம், அவ்வம்மையார் ஏற்கவில்லை. “அடுத்த வருஷம் யார் பிள்ளைக்கும் இப்படி ஆகாம பாத்துக்குங்க” என்றார். இக்கட்டுரையே அதன்பொருட்டு எழுதப்படுவது.

நிற்க. நம் இளைஞர் பலர் இத்தொழிலில் உள்ளனர். வேறு பல சங்கங்களுக்கும் கடைகளுக்கும் தளம் அமைத்துத் தருகின்றனர். அவர்கள்பொருட்டு, யாம் கற்றவற்றை ஈண்டுத் தொகுத்துரைப்போம்.

ஒன்று. எதனை வரிசையில் இடுவது, எதனைச் சாளரத்திலேயே முடிப்பது என்று பகுத்தறிதல் வேண்டும். அஞ்சல், குறுஞ்செய்தி, படத்தைச் சிறிதாக்கல், தாள் கட்டுதல் ஆகியவை பின்னர் நிகழலாம். படிவம் நிறைவாக உள்ளதா, படத்தின் வடிவம் ஏற்றதா என்பவற்றைச் சாளரத்திலேயே பார்த்து அப்பொழுதே சொல்லிவிட வேண்டும். பூட்டு உடைந்த பெட்டியை யாம் ஏற்று இரசீது தருவதில்லை.

இரண்டு. சீட்டில் எண்ணை மட்டும் எழுதுக. விண்ணப்பம் முழுவதையும் எழுதற்க. சீட்டு காத்திருக்கும் வேளையில் ஒருவர் தம் முகவரியைத் திருத்தியிருக்கலாம். எண்ணை மட்டும் கொண்டுசென்றால் பணியாள் தரவுத்தளத்தில் புதிய முகவரியைக் காண்பார். முழுவதையும் கொண்டுசென்றால் பழைய முகவரிக்கே அனுப்புவார்.

மூன்று. தரவுத்தளத்தில் எழுத்து உறுதியாகப் பதிந்த பின்னரே சீட்டை வரிசையில் இடுக. பணியாள் மிக விரைவுடையவர். எழுதி முடிக்குமுன் சீட்டு சென்றுவிட்டால், ‘அப்படி ஓர் எண் இல்லையே’ என்று திகைப்பார். கூடை கிடங்கிற்குள் வருமுன் ஏற்றுமதிச் சீட்டைச் சுமையாளரிடம் கொடுத்தது போலாம்.

நான்கு. ஒரே வேலை இருமுறை நிகழ்ந்தாலும் தீங்கு நேராதவாறு அமைக்க. பணியாள் அஞ்சலை அனுப்பிவிட்டு, ‘முடிந்தது’ என்று குறிக்குமுன் விழுந்துவிட்டால், மற்றொருவர் அச்சீட்டை மீண்டும் எடுப்பார். அமேசானின் வரிசையில், எடுத்த சீட்டை முடித்ததாகச் சொல்லாவிடின், வேறு ஏற்பாடு செய்யாத வரையில் 30 நொடியில் அது மீண்டும் தோன்றும். அவர்களுடைய பொதுவகை வரிசை, ஒரு சீட்டு குறைந்தது ஒரு முறையேனும் வந்து சேரும் என்றுதான் உறுதி கூறுகின்றது. ஒரே முறை என்று கூறவில்லை. அஞ்சல் இரண்டு வந்தால் சிரிக்கலாம். நன்கொடை இருமுறை பிடிக்கப்பட்டால் சிரிக்க இயலுமா? ஆகவே, தொடங்குமுன் ‘இவ்வெண்ணுக்கு இது முன்னரே நிகழ்ந்ததா?’ என்று பார்த்தல் வேண்டும்.

ஐந்து. மீள்முயற்சிக்கு அளவு வகுக்க. இணைப்பு அறுதல் போன்ற தற்காலிகத் தடைக்கு மீண்டும் முயல்க. படிக்கவே இயலாத கோப்புப் போன்ற நிலைத்த தடைக்கு முதல் தோல்வியிலேயே மனிதரை அழைக்க. மூன்று வாரம் ஓசையின்றி முயல்வதைவிட, மூன்றாம் நிமிடம் உரக்கக் கூவுவது மேல்.

ஆறு. அவசர வேலைக்கும் ஆறுதலான வேலைக்கும் தனித்தனி வரிசை வைக்க. விழா அறிவிப்பின் பின்னால் கல்வி விண்ணப்பம் நிற்றலாகாது.

ஏழு. தோல்விப் பட்டியலை மனிதர் தேடிச் சென்று பார்ப்பதாக அமைக்கற்க. அது மனிதரைத் தேடி வருமாறு அமைக்க. இப்பொழுது நம் தளத்தில் ஒரு வேலை தோற்றால் எமக்கும் செயலாளருக்கும் அவ்விளைஞருக்கும் செய்தி வருகின்றது. அன்றியும், குழு கூடுமுன் பதிவான விண்ணப்பங்களின் தொகையும் குழுவின்முன் உள்ள தாள்களின் தொகையும் ஒக்கின்றனவா என்று கையால் எண்ணிப் பார்க்கின்றோம். இவ்வெண்ணிக்கைக்குக் கணிப்பொறி அறிவு வேண்டுவதில்லை, முன்பே செய்திருக்கலாம்.

இறுதியாக ஒன்று: திரையில் எழுதும் சொல் உண்மையாய் இருத்தல் வேண்டும். ‘பெற்றுக்கொண்டோம்’ என்பது வேறு. ‘முடிந்தது’ என்பது வேறு. முன்னதைச் சொல்லவேண்டிய இடத்தில் பின்னதைச் சொல்லலாகாது. நம் தளம் இப்பொழுது, ‘விண்ணப்பம் பெற்றுக்கொண்டோம்; குழுவிற்கு அனுப்பியதும் மற்றொரு செய்தி வரும்; இரண்டு நாளில் வராவிடின் சங்கத்தைக் கேளுங்கள்’ என்று எழுதுகின்றது. மூன்று வரி கூடுதல்; மூன்று வாரத் துயர் குறைவு.

இல்லத்தார்க்கும் சில சொல் உண்டு. பொத்தானை ஒருமுறை அழுத்துங்கள். வளையம் சுழன்றால் சற்றுப் பொறுங்கள். எண் தோன்றியதும் அதனைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இயன்றால் திரையைப் படமாகவும் எடுத்துவையுங்கள். சொன்ன நாளில் செய்தி வராவிடின், தயங்காமல் வந்து கேளுங்கள். கேட்பது நம்பாமை ஆகாது. இரசீதைக் கையில் வைத்துக்கொண்டு ‘என் பொருள் எங்கே?’ என்று கேட்பவர்மீது நல்ல எழுத்தர் எவரும் சினப்பதில்லை. கிடங்கிற்குள் சென்று தேடுவார். அதுவே அவர் கடமை.

ஊரைவிட்டு வந்து, நமக்கென்று ஒரு சங்கம் வைத்திருக்கின்றோம். அரசு அலுவலகத்தில் கேட்கத் தயங்கும் எளியோர், தம் சங்கத்தில் கேட்கவும் தயங்குவாராயின், அச்சங்கம் இருந்தும் பயனென்ன? பொறிகள் விரைவாக வேலை செய்யட்டும், வரிசையில் நிற்கட்டும், தோற்றால் மீண்டும் முயலட்டும். ஆனால், எண்ணிப் பார்ப்பதும் பொறுப்பேற்பதும் மனிதர் வேலையே. அதனை வரிசையில் இட்டுவிட்டு இல்லம் செல்ல இயலாது.

வரும் ஆண்டிற்கான கல்வி உதவி விண்ணப்பம் வழக்கம்போல் மே திங்களில் திறக்கப்படும். கடைசி நாள் மாலைவரை காத்திராதீர். தோல்விப் பட்டியலைப் பார்க்கும் பொறுப்பை எம்மிடமிருந்து மாற்றலாம் என்று செயற்குழுவில் யாமே கூறினோம், செயற்குழு இசையவில்லை. ஆகவே, கேட்க வேண்டியது எதுவாயினும் எம்மிடமே கேளுங்கள். ஞாயிறுதோறும் தமிழ் வகுப்பு முடியும்வரை சங்க அலுவலகத்தில் இருப்போம்.